மேல்காற்று

ஜூன் 9, 1956. நாகப்பட்டினம்

காலையிலேயே அக்கா வந்துவிட்டாள். காபியைத் தொடவில்லை. ஞானபாக்கியம் அக்கா காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் விஷயம் அத்தானைப் பற்றியது என்று அர்த்தம்.

"எப்சி, அவருக்குப் புத்தி கெட்டுப்போச்சு. பலூன்ல ஏறிப் பினாங்கு போகப் போறாராம்."

"பினாங்குக்குத்தான் கப்பல் இருக்கே."

"அதைத்தான் நானும் கேட்டேன். கப்பல்ல எல்லாரும் போறாங்களாம்."

அத்தான் அருமைநாயகம் வானிலை நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தினமும் சின்ன பலூன் ஒன்றில் ஹைட்ரஜனை நிரப்பி மேலே விடுவார். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தொலைநோக்கிக் கருவியில் பார்த்துக் குறித்து வைப்பார். போன வருஷம் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரக் கூட்டத்தில், "விட்டதெல்லாம் போயிருச்சு, விட்டவன் மட்டும் இங்கயே நிக்கிறேன்" என்று பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நகைச்சுவையாக எனக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

"நீதான் காலேஜுல பௌதிகம் படிச்சவ. அவர் கணக்குல ஏதாவது தப்பு கண்டுபிடிச்சு நிறுத்து. எனக்கு வாக்குக் கொடு."

"என்ன வாக்கு?"

"அவர் தரையை விட்டுப் போகக் கூடாது."

கொடுத்தேன். அத்தான் தரையில்தான் இருப்பார். அதற்குப் பிறகுதான் அக்கா காபியைக் குடித்தாள். ஆறிவிட்டது என்று குறையும் சொன்னாள்.

பள்ளியில் என் ஐந்தாம் பார வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதினேன். தலையணை உறைகளைத் துவைத்தேன்.

ஜூன் 10

ஆராதனை முடிந்ததும் கடற்கரைக்குப் போய், அத்தான் வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய உப்புக் கிடங்கைப் பார்த்தேன். யுத்த காலத்தில் விமானங்களைத் தடுக்கக் கட்டிய பெரிய பலூன் ஒன்றை எங்கோ ஏலத்தில் எடுத்து, வெட்டி, ரப்பர்ப் பசை போட்டு உருண்டையாக ஒட்டி வைத்திருக்கிறார். அக்கா அதற்குப் பூசணிக்காய் என்று பெயர் வைத்திருக்கிறாள். ஹைட்ரஜன் வனஸ்பதித் தொழிற்சாலையிலிருந்து உருளைகளில் வரப்போகிறது. "நெய்யே இல்லாம நெய் பண்ற காத்து" என்கிறாள் அக்கா.

பலூனுக்கு அடியில் தொங்கவிடக் கூடை வேண்டும். கடலில் விழுந்தால் கூடை மிதக்கவும் வேண்டும். அத்தான் மேட்டூரிலிருந்து ஒரு பரிசல் வரவழைத்திருக்கிறார். இது நல்ல யோசனை என்பதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"கொழுந்தியா, அட்லாண்டிக்கைத் தாண்டணும்னு நூறு வருஷமா முயற்சி பண்றாங்க, தெரியுமா?"

"தெரியும். ஒருத்தரும் தாண்டலை. ஒண்ணு மரத்துல போய் மாட்டுச்சு. ஒண்ணு காத்து நிரப்பும்போதே கிழிஞ்சுது. மோட்டார் வச்ச வான்கப்பல் ஒண்ணு ஆளுங்களோடயும் பூனையோடயும் நடுக்கடல் வரைக்கும் போய் நின்னுபோச்சு."

"பூனைக்கு என்ன ஆச்சு?"

"அந்த வழியா வந்த கப்பல் ஏத்திக்கிச்சு."

அத்தான் என்னையே பார்த்தார். "இவ்வளவு படிச்சு வச்சிருக்கியே!"

பொது அறிவு என்றேன்.

ஜூன் 12

கணக்குப் போட்டு முடித்தேன். வெயில் இருக்கும்வரை பலூனுக்குள் வாயு சூடாக, விரிந்து இருக்கும். பொழுது சாய்ந்தால் குளிர்ந்து சுருங்கும், பலூன் இறங்கும். இறங்காமல் இருக்க மணலைக் கொட்டிக் கனத்தைக் குறைக்க வேண்டும். பினாங்கு போய்ச் சேர்வதற்குள் குறைந்தது இரண்டு அஸ்தமனமாவது வரும். எடுத்துப்போகிற மணல் ஒன்றுக்கே போதாது. ஆக, இந்தப் பலூன் முதல் அஸ்தமனம் வரைதான் மிதக்கும்.

இதைச் சொன்னால் அத்தான் இன்றைக்கே நிறுத்திவிடுவார். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 13

தலைவலி. சொல்லவில்லை.

ஜூன் 16

கிடங்குக்குப் போனேன். வாயுவை வெளியே விடும் வால்வின் வில் மிகவும் பலவீனம். ஒருமுறை திறந்தால் மறுபடி மூடாது. அதைச் சொன்னேன். பரிசலைக் கட்டியிருந்த கயிறுகளின் நீளம் சமமாக இல்லை. அதையும் சொன்னேன். வால்வுக் கயிறும் அவசரத்தில் பலூனைக் கிழிக்கும் கயிறும் ஒரே நிறம். கிழிக்கும் கயிற்றுக்குச் சிவப்பு மை தோய்க்கச் சொன்னேன்.

மாலையில் அக்கா கேட்டாள்.

"தப்பு கண்டுபிடிச்சியா?"

"மூணு."

"நிறுத்திட்டாரா?"

"திருத்திட்டார்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 20

அத்தானோடு பலூனில் போகப்போகிறவர் நாகூர்க்காரர், சேக்காதி மரைக்காயர். பாய்மரத் தோணியில் தண்டலாக இருந்தவர். அதாவது தோணிக்குத் தலைவர். பேச ஆரம்பித்தால் கேட்பவருக்குத்தான் மூச்சு வாங்கும். ஊர் முழுக்க அவருக்குத் தண்டல் என்றே பெயர்.

இன்று மூன்று பேரும் உட்கார்ந்து காற்றைப் பற்றிப் பேசினோம். பேசினார்கள் என்று எழுதுவதே சரி.

"வாத்தியாரே, இப்ப நமக்கு வேண்டியது மேக்காத்து. மேல இருந்து அடிச்சிச்சின்னா நேரா கீழ போயிரலாம்" என்றார் தண்டல். வானிலை ஆபீஸில் இருந்த அத்தானை அவர் ஏன் வாத்தியார் என்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

அத்தான் பதறிவிட்டார். "கீழயா? கீழ போனா செத்துல்ல போவோம்!"

"ஏன் சாவணும்? கீழதானே பினாங்கு இருக்கு!"

"பினாங்கு கீழ இருக்கா?"

"பின்ன மேலயா இருக்கு? மேல இருக்குறது திருவாரூரு!"

நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. இந்த ஊரிலேயே பிறந்து, மேலவீதியில் குடியிருந்து, கீழவீதியில் காய்கறி வாங்குகிற அத்தானுக்கு, வானத்தைப் பார்த்துப் பார்த்து மேல் என்றால் உயரம் மட்டும்தான் என்றாகிவிட்டது. கடலோடிகளுக்கோ மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேலே ஏறுவதைப் பற்றி அவர்களுக்கு இதுவரை அக்கறை இருந்ததில்லை.

"ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றேன். இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

ஜூன் 23

அத்தானின் பழைய கருவியில் சின்ன பலூன்களை விட்டுப் பார்த்தேன். வகுப்பில் செய்து காட்டலாம் என்று. பிற்பகலில் தரையோடு வீசுவது கடற்காற்று. அதாவது கீழ்க்காற்று, ஊரைப் பார்த்து, மேற்கே தள்ளும். உயரத்தில் வீசுவது மேல்காற்று. கடலைப் பார்த்து, கிழக்கே தள்ளும். மேலே மேல்காற்று, கீழே கீழ்க்காற்று. மேலே போனால் கீழே போகலாம். கீழே இருந்தால் மேலேதான் போக வேண்டும். தமிழுக்கும் வானத்துக்கும் இவ்வளவு ஒற்றுமை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இதைத் தண்டலிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "டீச்சரம்மா, இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி" என்றார்.

ஜூன் 26

பினாங்குக் கப்பல் வந்து நிற்கிறது. ஊதியது. ஜன்னலைச் சாத்தினேன். தூசி.

ஜூன் 30

கிடங்கில் கனம் பார்க்க ஆள் ஏறி நிற்கும் தராசு வந்திருக்கிறது. சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க நான் ஏறி நின்றேன். சரியாகத்தான் காட்டுகிறது.

இன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன். வயிறு மந்தம்.

ஜூலை 3

அக்கா கருப்பட்டி அல்வா கொண்டுவந்தாள். சாப்பிடவில்லை.

"ஏண்டி இப்படி இளைச்சுப் போற?"

"வெயில்."

"வெயிலுக்கு நான் ஏன் இளைக்கலை?"

இதற்குப் பௌதிகத்தில் பதில் இல்லை.

ஜூலை 7

விபத்து. சின்னதுதான்.

பலூனைப் பாதி நிரப்பி, கயிற்றில் கட்டியபடியே தென்னைமர உயரம் ஏற்றிப் பார்ப்பது இன்றைய திட்டம். அத்தான் மட்டும் பரிசலில் ஏறினார். கயிறு வலைக்காரர்கள் கையில். அவர்களுக்குத் தலைமை தண்டல். நான் இடையில் நின்றேன். மேலே இருப்பவர் சொல்வது காதில் விழாவிட்டால் எடுத்துச் சொல்வது என் வேலை.

பலூன் அழகாக ஏறியது. அழகு என்பது அறிவியல் சொல் அல்ல என்றாலும் வேறு சொல் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தானுக்குத் தலை சுற்றியிருக்கிறது. பரிசல் என்றால் சுழலத்தானே செய்யும்.

"போதும்! கீழ இழுங்க!" என்று கத்தினார்.

தண்டல் கடலைப் பார்த்தார். "தண்ணியில இறக்கிப் பாக்கணும்னு ஆசைப்படுறாரு போல." பிறகு என்னிடம் திரும்பினார். "கீழதானே டீச்சரம்மா?"

"ஆமாம். கீழேன்னுதான் சொல்றார்" என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொல்வதுதான் என் வேலை.

எல்லாரும் கயிற்றோடு அலைக்குள் ஓடினார்கள். பலூன் பின்னாலேயே போனது. "ஐயோ, கீழடா, கீழ!" என்று அத்தான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று இழுத்தபோது பரிசல் அலையில் மோதிக் கவிழ்ந்தது.

அத்தானுக்குக் கணுக்காலில் எலும்பு விரிசல். பலூனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் பலூனைத்தான் பார்த்தேன். அத்தானைச் சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள்.

ஜூலை 8

அக்கா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அத்தான் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருக்கிறார்.

"ஆண்டவரே கால்ல கட்டுப் போட்டு உக்கார வச்சுட்டார்" என்றாள்.

"கட்டுப் போட்டது டாக்டர்" என்றார் அத்தான். பிறகு என்னிடம்: "தண்டல் தனியாவே போகட்டும். காத்து நிக்கறதுக்குள்ள போகணும். நான் இல்லைன்னாலும் பலூன் போகணும்."

"தண்டல் தாராளமா போகட்டும். அவருக்கு வளந்த மருமகப்பிள்ளைங்க இருக்காங்க" என்றாள் அக்கா.

அத்தான் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கயிறு பிடிப்பவர்களுக்கு மேல, கீழ என்ற சொற்களை மறக்கடிக்க வேண்டும். ஏற்று, இறக்கு, கிழக்கு, மேற்கு. இந்த நான்கு மட்டும்தான். நான் டீச்சர் என்பதால் சொன்னால் கேட்பார்கள்.

சரி என்றேன்.

ஜூலை 10

கயிறு பிடிப்பவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 11

பினாங்குக் கப்பல் திரும்பி வந்தது. அடுத்த முறை 28ஆம் தேதி பகலில் இங்கிருந்து புறப்படுகிறதாம். துறைமுகத்துப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது பலகையில் பார்த்தேன்.

ஜன்னலைச் சாத்தவில்லை. 1931இல் லண்டனுக்குப் போய் மேலே படிக்க எனக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. அம்மாவுக்கு நெஞ்சுவலி என்பதால் கப்பல் ஏறவில்லை. அதன் பிறகு அம்மா இருபது வருஷம் நன்றாக இருந்தார்கள். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. புழுக்கம்.

ஜூலை 14

தண்டல் வீட்டுக்குப் போயிருந்தேன். கடல் தாண்டிப் போகிற மனிதரை விருந்து வைக்காமலா அனுப்புவீர்கள் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாள் வெட்கப்பட்டுப்போய், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு ஒரு விருந்து. எல்லா வீட்டிலும் பிரியாணி. மரியாதை என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

கயிறு பிடிப்பவர்களைப் பார்க்க நேரமில்லை.

ஜூலை 17

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது வந்துவிட்டது. வீட்டில் முக்கியமான காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஜூலை 19

தண்டல் கிடங்குக்கு வந்தார். உட்காரும்போது முக்காலி ஒரு சத்தம் போட்டது. "நேத்து மச்சான் வூட்ல. இன்னிக்கு சம்பந்தி வூட்ல. நாளைக்கு ரெண்டு எடம். இவ்வளவு பாசக்காரங்கன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது டீச்சரம்மா" என்று கண் கலங்கினார்.

ஜூலை 21

அத்தானைச் சாய்வு நாற்காலியோடு கிடங்குக்குத் தூக்கிவந்தார்கள். புறப்படும் நாளை 28 என்று வைக்கலாம் என்றேன். சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அத்தான் உடனே ஒப்புக்கொண்டார்.

தண்டலைத் தராசில் ஏற்றினோம். முள் போன இடத்தைப் பார்த்து அத்தான் வாயைப் பிளந்தார்.

"யோவ், போன மாசம் நிறுத்தது உம்மைத்தானா?"

"தராசு பொய் சொல்லுது வாத்தியாரே."

தராசு சரிதான் என்று காட்ட நான் ஏறினேன். முள் கொஞ்சம் அசைந்து நின்றது. அத்தான் முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கொழுந்தியா, அல்வா வேண்டாம்னு சொன்னியாமே."

"வயிறு மந்தம்."

"ம்" என்றார். பிறகு தண்டலிடம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, பட்டினி கிடந்து பாரும் என்றார். தண்டல் அன்று மாலை போக வேண்டியது அவர் பெரிய மகள் வீட்டு விருந்துக்கு.

ஜூலை 24

அக்கா கேட்டாள். "உனக்குக் கொடுத்த வேலை முடிஞ்சுதா?"

"அத்தான் தரையில்தானே இருக்கார்."

"அவர் சரி. உன் மூஞ்சியில என்னமோ தெரியுதே."

அக்கா பத்தாவது வரைதான் படித்தாள். அது எவ்வளவு நல்லதாயிற்று.

ஜூலை 26

ஐந்தாம் பாரத்துக்கு வாயுக்களின் விதிகளை அடுத்த மாதம்தான் நடத்த வேண்டும். முன்கூட்டியே பாடக்குறிப்பு எழுதிவைத்தேன். மற்றப் பாடங்களுக்கும் எழுதிவைத்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொன்னேன்.

கயிறு பிடிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.

ஜூலை 28, பிற்பகல். மேலே

பரிசல் சுழல்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

விடியும் முன்பே நிரப்பத் தொடங்கினோம். மேல்காற்று தரையில் வீசும் காலை நேரத்திலேயே விட வேண்டும் என்பது அத்தான் திட்டம். உருளைகளின் மூடிகள் ஒவ்வொன்றும் ஒரு வம்பு செய்தன. பூசணிக்காய் உருண்டு திரண்டு நிமிர்ந்தபோது உச்சிவேளை தாண்டிவிட்டது. தூரத்தில் பினாங்குக் கப்பல் ஊதிவிட்டுப் புறப்பட்டுப் போனது. தரையில் கடற்காற்று தொடங்கிவிட்டது.

தண்டல் எல்லாரையும் கும்பிட்டு, துஆ ஓதி, பரிசலில் ஏறினார். பலூன் அசையவில்லை. இரண்டு மூட்டை மணலை எடுத்தோம். அசையவில்லை. இன்னும் எடுத்தோம். பலூன் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி.

"இறங்கும்" என்றார் அத்தான்.

தண்டலுக்கு அவமானம். ஆனால் பரிசலிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தில் நான் கண்டது நிம்மதி. "மண்ணுல நின்னு கயித்தப் புடிக்கிறதுதான் எனக்கு வாகு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுக்காரர்களின் முன்னால் போய் நின்றார்.

எடுத்த மணல் மூட்டைகளைத் திரும்ப வைத்தார்கள். வால்வுக் கயிறு எங்காவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க நான் பரிசலில் ஏறினேன். பை கையோடு இருந்தது. கீழே வைத்தால் மணல் ஒட்டும். பைக்குள் பாஸ்போர்ட், ஒரு மாற்றுப் புடவை, பிஸ்கட், இந்த நாட்குறிப்பு. வழக்கமாக எடுத்துப்போகிறவைதான்.

நாற்காலியில் இருந்த அத்தான் கையசைத்து என்னைக் குனியச் சொன்னார். தன் கழுத்தில் கிடந்த பழைய கைத்தொலைநோக்கியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொழுது சாயற வரைக்கும்தான் நிக்கும். தெரியுமில்ல?"

"அத்தானுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முப்பது வருஷம் பலூன் விட்டவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? இருபத்தெட்டுன்னு நீ சொன்னதும் கப்பல் நாளுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதைத் தாண்டி ஒரு கஜம் போகாதே." பிறகு குரலை உயர்த்தி, "வால்வு பாக்கணுமாம்! கொஞ்சம் ஏத்துங்கப்பா!" என்றார்.

கயிற்றைத் தளர்த்தினார்கள். நான் தென்னைமர உயரத்துக்குப் போனேன். வால்வு நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அக்கா வந்தாள். கையில் எல்லாருக்கும் சாப்பாடு. அண்ணாந்து பார்த்தாள். கேரியர் மணலில் விழுந்தது.

"ஐயோ, எப்சி! பாவிங்களா, அவளைக் கீழ விடுங்கய்யா! கீழ விடுங்க!"

தண்டல் திரும்பி அக்காவைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"கேட்டியளா? கூடப்பொறந்தவுகளே சொல்லிட்டாக! கீழ விடணுமாம்! விடுங்கடா கயித்தை!"

நான் மேலேயிருந்து விளக்கிச் சொல்லியிருக்கலாம். தூரம் அதிகம். என் குரலும் மெல்லியது. இருபத்தைந்து வருஷமாகக் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல்தான்; இன்று ஏனோ எழும்பவில்லை.

கயிற்றை விட்டார்கள்.

கடற்காற்று என்னைக் கிழக்கே கொண்டுபோகவில்லை, ஊருக்குள் கொண்டுபோனது. கூரைகளுக்குச் சற்று உயரத்தில், நிதானமாக, தேர் போவதுபோல் போனேன். மாதா கோயில் மணிக்கூண்டைத் தாண்டினேன். எங்கள் பள்ளி விடுதிப் பிள்ளைகள் மாடியில் நின்று, "எப்சிபா டீச்சர்! எப்சிபா டீச்சர்!" என்று குதித்தார்கள். பக்கத்து மாடியில் தலைமையாசிரியை மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். அவரும் வழக்கம்போல் தலையை அசைத்துவிட்டு, குனிந்து இரண்டு மிளகாயைத் திருப்பிப்போட்டு, பிறகுதான் நிமிர்ந்தார்.

அடுத்தது வயல்கள். மெத்தென்ற தரை. வால்வுக் கயிற்றை இழுத்தால் இறங்கிவிடலாம். மாலைக் காபிக்கு அக்கா வீட்டில் இருக்கலாம். அழுதுவிட்டுத் திட்டுவாள், திட்டிவிட்டு அல்வா தருவாள்.

ஒரு கை வால்வுக் கயிற்றில் இருந்தது; மறு கை மணல் மூட்டையில். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். அத்தான் தரையை விட்டுப் போகக் கூடாது. அத்தான் நாற்காலியில் இருக்கிறார். வேறு யாரைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை.

மணலைக் கொட்டினேன்.

பலூன் ஏறியது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று பின்தங்கி நின்று, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டது. ஓர் உயரத்தில் எல்லாம் நின்றது போலிருந்தது. பிறகு வயல்கள் மறுபக்கமாக நகர ஆரம்பித்தன. மேல்காற்று. நான் எழுதி வைத்த உயரத்தில்தான்.

ஊர் என்னை இரண்டாவது முறையாகப் பார்த்தது. இந்தத் தடவை உயரத்திலிருந்து. இன்னொரு மூட்டையையும் கொட்டினேன். அது போய் விழுந்த இடம் மோர்மிளகாய் என்பதைத் தொலைநோக்கியில்தான் தெரிந்துகொண்டேன். கடற்கரையில் ஒரு புள்ளி இங்கும் அங்கும் ஓடியது, அக்காவாக இருக்கும். ஒரு புள்ளி அசையாமல் இருந்தது. அதன் கையில் ஏதோ வெள்ளையாக ஆடியது. துண்டாக இருக்கலாம்.

இப்போது சுற்றிலும் கடல். சத்தமே இல்லை. காற்றும் இல்லை. எழுதுகிற தாள்கூட அசையவில்லை. காற்றோடு போகிறவளுக்குக் காற்று தெரியாது என்று இருபத்தைந்து வருஷமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். உண்மையா என்று இன்றுதான் பார்த்தேன். உண்மைதான்.

பிஸ்கட் எல்லாவற்றையும் தின்றுவிட்டேன். வயிறு மந்தம் சரியாகிவிட்டது.

முன்னால் புகை. பினாங்குக் கப்பல்.

பிறகு

கப்பலைத் தாண்டினேன். அதற்கு நேர் மேலே போனேன். மேல்தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கப்பல் ஊதியது. 1931இல் ஊதியது வேறு கப்பல்தான். இருந்தாலும் தாண்டினேன்.

ஒரு கஜம் என்று அத்தான் சொன்னார். கொஞ்சம் கூடவே போனேன். வெயில் மஞ்சளானது. கயிறுகள் தளர ஆரம்பித்தன. கணக்கு சரி. கணக்கு சரியானால் இதுவரை எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்று ஒரு நிமிஷம் அப்படி இல்லை. இன்னும் ஒரே ஒரு மூட்டை மணல் இருந்தது. அதைப் பார்த்தேன். கப்பலைப் பார்த்தேன். பிறகு வால்வுக் கயிற்றை இழுத்தேன். சிவப்பு அல்லாததை.

ஜூலை 30. கப்பல்

பரிசல் மிதந்தது. கப்பலிலிருந்து படகு இறக்கி ஏற்றிக்கொண்டார்கள். பூனை இல்லையா என்று யாரும் கேட்கவில்லை; அவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. பலூன் போய்விட்டது. என்னை விட்டதும் கனம் குறைந்து, பரிசலையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. யாரும் இல்லாமல் அது எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட மனம் வரவில்லை.

காப்டன், கரைக்குச் செய்தி அனுப்பலாம் என்றார். ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டுமாம். கீழே வந்துவிட்டேன், கீழே போய்க்கொண்டிருக்கிறேன் என்று அக்காவுக்கு ஒரே சொல்லில் சொல்ல அந்த மொழியில் வழியில்லை. இரண்டு வாக்கியமாக அனுப்பினேன்.

நேற்றே பதில் வந்துவிட்டது. அக்கா என்னோடு இனிமேல் பேசமாட்டாளாம். பினாங்கில் நல்ல ஜாதிக்காய் கிடைக்கும், வாங்கி வரவும். அத்தான் தன் பங்குக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எத்தனை கஜம்?

காலையில் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாகத் தெரிந்தது, தாள் பறந்தது. நேற்று முன்தினம் கீழ்த்தளத்தில் தூங்கிவிட்டதால் எதையும் பார்க்காத நாகூர் ஜவுளி வியாபாரி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாகப்பட்டணத்துல நீங்க ஏறுனதைப் பாக்கலையே. எங்கேருந்து வர்றீகம்மா?"

"மேலேருந்து."

"மேலன்னா, திருவாரூர்ப் பக்கமா?"

"அதுக்கும் கொஞ்சம் மேல" என்றேன்.